லண்டன் பூங்காக்களில் ஐந்து கிலோமீட்டர்: அக்டோபர் கடைசி வாரக் குறிப்புகள்

வெள்ளி மாலை: பை கட்டும்போது

சனிக்கிழமை காலை 9 மணிக்கு லண்டனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பூங்காக்களில் பார்க்ரன் என்ற வாராந்தர ஓட்டம் நடக்கிறது. தூரம் எங்கும் 5 கிலோமீட்டர். கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், பாதி ஓடிப் பாதி நடக்கலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய் நின்றுவிடுகிறார்கள். ஆனால் பூங்கா மாறினால் அதே காலுக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடும், குறையும். ஆகவே முதலில் பாதைக் குறிப்பைப் படியுங்கள். எத்தனை சுற்று, தரை புல்லா தாரா மண்ணா, மேடு எந்த இடத்தில் வருகிறது, கழிப்பறை உண்டா என்பவை அதில் இருக்கும். எல்லோரும் மேட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் கணக்கில் சுற்றும் தரையும் முதலில், மேடு அப்புறம்.

பதிவு ஒருமுறை செய்தால் போதும். ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் எண்ணும் அதற்குரிய பார்கோடும் கிடைக்கும். சிங்கப்பூரில் பதிந்தவர் அதே பார்கோடை லண்டனில் காட்டலாம், இங்கே பதிந்தவர் அங்கே காட்டலாம். (சிங்கப்பூரில் வெயிலுக்கு முந்திக்கொண்டு 7:30-க்கே தொடங்கிவிடுவார்கள்.) பார்கோடு இல்லாமலும் ஓடலாம், ஆனால் முடிவுப் பட்டியலில் உங்கள் இடத்தில் ‘தெரியாதவர்’ என்றுதான் வரும். போனில் காட்டுகிறவர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பூங்காவுக்குள் சிக்னலை நம்ப முடியாது. ஸ்கேன் செய்யும்போது திரை வெளிச்சத்தை முழுக்கக் கூட்டுங்கள். காகிதத்தில் அச்சிட்டதை அப்படியே சட்டைப்பையில் போட்டால் மழையிலும் வியர்வையிலும் மை கரைந்து கோடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை போதும்.

அக்டோபர் கடைசியில் காலைக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே எளிதாக இறங்கும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். முதல் கிலோமீட்டரிலேயே இரண்டு அடுக்கு இடுப்புக்கு வந்துவிடும். மெல்லிய முழுக்கை டீ-ஷர்ட், கையுறை, தொடங்கும்வரை போட்டுக்கொள்ள ஒரு பழைய ஜாக்கெட் என்று இருந்தால் போதும். பைகளைத் தரையில் விரித்த தார்ப்பாயில் வைத்துவிட்டு ஓடுவார்கள். காவலுக்கு யாரும் இல்லை, பாஸ்போர்ட்டை அறையிலேயே வையுங்கள்.

தூங்கப்போகும் முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, நாளை ஓட்டம் ரத்தா என்று. பூங்காவில் வேறு விழா, தேங்கிய நீர், பனிப்படலம் என்று காரணங்கள் உண்டு. இரண்டாவது ரயில். லண்டனில் தண்டவாள வேலைகளைப் பெரும்பாலும் வார இறுதிக்குத்தான் வைப்பார்கள், சனிக்கிழமை காலைதான் அடி விழும்.

சனி: புஷி பார்க்

எல்லாம் தொடங்கிய இடம். 2004 அக்டோபர் 2 அன்று இங்கே 13 பேர் ஓடினார்கள், 5 பேர் உதவினார்கள். காயத்தால் மாரத்தான் பயிற்சியை விட்ட பால் சின்டன்-ஹியூவிட், நண்பர்களோடு தொடர்பு விட்டுப்போகாமலிருக்க ஏற்பாடு செய்தது. எத்தனையாவதாக முடித்தார் என்பதைக் காட்ட இன்று பார்கோடு அச்சிட்ட பிளாஸ்டிக் டோக்கன் தருகிறார்கள். அன்று தந்தது ஹார்டுவேர் கடையில் வாங்கிய இரும்பு வாஷர், மேலே எண் குத்தியது. இப்போது சாதாரண வாரத்திலேயே ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

வாட்டர்லூவிலிருந்து டெடிங்டன் அல்லது ஹாம்ப்டன் விக் வரை ரயில். அங்கிருந்து கால் மணி நேர நடை. இந்த வாரம் சூரியன் 7:40-க்கு மேல்தான் எட்டிப்பார்க்கிறது, ஆகவே இருட்டில்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 8:40-க்கு டயானா நீரூற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தால் கழிப்பறை வரிசைக்கும் நேரம் இருக்கும்.

முதல்முறை வருகிறவர்களுக்குத் தனியாக ஐந்து நிமிட விளக்கம் உண்டு. அதைத் தவறவிடாதீர்கள், பாதையில் அந்த வாரம் என்ன மாற்றம் என்பது அங்கேதான் தெரியும். பிறகு பொது அறிவிப்பு. ‘வெளியூர்க்காரர்கள் யாராவது உண்டா?’ என்று கேட்பார்கள், கையைத் தூக்கினால் கைதட்டுவார்கள்.

பாதை ஒரே சுற்று, தட்டை. புல், சரளை, தார் மூன்றும் கலந்து வரும். புல்வெளியில் அகலமாகத் தொடங்குகிறது. அகலம் குறையும் இடத்தில் கூட்டம் நெருங்கி நடைவேகத்துக்கு வந்துவிடும். இங்கே ஒவ்வொருவர் நேரத்தையும் தனியாகக் குறிக்கும் சிப் கிடையாது, விசில் ஊதிய நொடியிலிருந்துதான் எல்லோருக்கும் கடிகாரம். பின்னால் நிற்பவர் தொடக்கக் கோட்டைத் தொடுவதற்குள்ளேயே ஒரு நிமிடம் கரைந்துவிடலாம். அதற்காக 30 நிமிடத்தில் முடிக்கிறவர் முன்வரிசையில் போய் நின்றால் பின்னாலிருந்து முழங்கை இடிபடும். உங்கள் நேரத்துக்குரிய கூட்டத்தோடு நில்லுங்கள், கடிகாரத்தை மறந்துவிடுங்கள். புஷியில் சொந்தச் சாதனைக்கு முயல்வதைவிட அடுத்த வாரம் வேறு பூங்காவில் முயல்வது புத்திசாலித்தனம். ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஆண்ட்ரூ பேட்லி 2012 ஆகஸ்டில் இங்கே 13 நிமிடம் 48 விநாடியில் முடித்தார், உண்மைதான். ஆனால் அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

இந்த மாதத்துக்கு ஒரு எச்சரிக்கை. செம்மான், புள்ளிமான் போன்ற ஃபாலோ மான் இரண்டும் இங்கே திறந்தவெளியில் திரிகின்றன. செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அவற்றின் இணைசேரும் காலம். கலைமான் அளவு கொம்போடு ஆண்மான் உறுமிக்கொண்டு நிற்கும். 50 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நுழையக் கூடாது. செல்ஃபி எடுக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மான் பாதையில் குறுக்கிட்டால் மார்ஷல் (பாதையோரம் நிற்கும் தொண்டர்) நிறுத்தச் சொல்வார், கூட்டத்தோடு நின்றுவிடுங்கள்.

ஞாயிறு: குழந்தைகளுக்கு 2 கிலோமீட்டர்

நேற்று நள்ளிரவுக்குப் பின் கடிகாரம் ஒரு மணி பின்னால் போயிற்று. போன் தானாகத் திருத்திக்கொள்ளும், அறைச் சுவரில் மாட்டிய கடிகாரம் திருத்திக்கொள்ளாது. இந்த ஞாயிறு கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம். மார்ச் கடைசி ஞாயிற்றில் இதுவே தலைகீழாகி, வெறும் பூங்காவில் போய் நிற்கவைக்கும்.

ஜூனியர் பார்க்ரன் ஞாயிறு காலை 9 மணிக்கு, 4 முதல் 14 வயது வரைக்கும் மட்டும். 2010-இல் புஷியில்தான் இதுவும் தொடங்கியது. முதலில் எல்லோரையும் சேர்த்து உடம்பைச் சூடாக்கும் பயிற்சி, பிறகு ஓட்டம். பெரியவர்கள் பிள்ளையோடு சேர்ந்து ஓடலாம், ஆனால் கோட்டருகே கயிறு கட்டிய முடிவுச் சந்துக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் ஒரு நேரம் கூடுதலாகப் பதிவாகி, பின்னால் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் நேரம் ஒவ்வொரு இடம் தள்ளிப்போகும். 11 தடவை ஓடினால் கைப்பட்டை. ஏன் 11? இரண்டு கிலோமீட்டராகப் பதினொன்று 22, அரை மாரத்தானைத் தாண்டிவிடும். 21 தடவைக்கு 42, மாரத்தான் ஆயிற்று. கணக்குப் பாடத்தில் சலித்துப்போன பிள்ளைகளும் இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை ஓட்டத்துக்கும் 4 வயதிலிருந்தே வரலாம், ஆனால் 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளை முதல் 300 மீட்டர் அம்பாகப் பறந்து அப்புறம் உட்கார்ந்துவிடும். பெற்றோர் வேகத்தைக் குறைத்துப் பிடிப்பது தொடக்கத்தில்தான், கடைசியில் இல்லை.

திங்கள்: விம்பிள்டன் காமன்

வார நாள்களில் ஓட்டம் கிடையாது. பாதையை நடந்து பார்க்க நல்ல நேரம் அதுதான். தடங்காட்டிகள் சனிக்கிழமை காலை மட்டும் நட்டு உடனே பிடுங்கப்படுபவை, அதனால் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்.

2007 ஜனவரியில் இரண்டாவது பார்க்ரனாகத் தொடங்கியது இது. விம்பிள்டன் ஸ்டேஷனிலிருந்து 93-ஆம் எண் பேருந்து மேட்டில் ஏறி, காமன் என்ற பொதுவெளியை ஒட்டிப் போகும். அங்கிருந்து 1817-இல் கட்டிய காற்றாலையை நோக்கி நடக்க வேண்டும். காட்டுப்பாதை. மரவேர்கள் பாதைக்குக் குறுக்கே கிடக்கின்றன, இந்த மாதம் அவற்றின்மேல் ஓக் இலை மூடியிருக்கிறது. கால் இடறுவது வேரில், வழுக்குவது ஈர இலையில். வழவழப்பான அடிப்பாகம் உள்ள ரோடு ஷூவை விட்டுவிட்டு, பல் உள்ள டிரெய்ல் ஷூ போடுங்கள். பார்வை மூன்று நான்கு அடி முன்னால் இருக்கட்டும், நேராகக் காலடியைப் பார்த்தால் அடுத்த வேர் தெரியாது.

ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. எஃப்ரா சாலையில் 1981-இல் திறந்த கணபதி கோயில். பழைய கிறிஸ்தவத் தேவாலயக் கட்டடத்தை வாங்கி ஆக்கியது. சேற்று ஷூவோடு பேருந்திலிருந்து நேரே அங்கே போய் இறங்காமல், மாற்றுச் செருப்பு ஒன்று பையில் வைத்திருப்பது நல்லது.

செவ்வாய்: சுற்றுக் கணக்கு

காலையில் பர்ஜஸ் பார்க், மாலையில் ஹைபரி ஃபீல்ட்ஸ். வேண்டுமென்றே ஒரே நாளில் வைத்தோம், இரண்டு பாதைக்கும் அத்தனை வித்தியாசம்.

பர்ஜஸ் பார்க் தெற்கு லண்டனில், எலிஃபண்ட் அண்ட் காஸிலுக்குக் கொஞ்சம் தெற்கே. போரில் குண்டு விழுந்த வீடுகளையும் பழைய தொழிற்சாலைகளையும் இடித்து, கால்வாயைத் தூர்த்துச் சிறுகச் சிறுக உண்டாக்கிய பூங்கா. தண்ணீரே இல்லாத புல்வெளியில் ஒரு பாலம் தனியாக நிற்கிறது, பக்கத்தில் ஒரு பழைய சுண்ணாம்புக் காளவாய். கால்வாய் ஓடியதற்கு மிஞ்சிய சாட்சி அவ்வளவுதான். தரை தட்டையானதற்கும் அதுவே காரணம். ஒரு முனைக்குப் போய்த் திரும்பும் தார்ப்பாதை, லண்டனில் வேகமான பாதைகளில் ஒன்று என்று பெயர். சொந்தச் சாதனைக்கு இங்கே வாருங்கள். சிக்கல் ஒன்றுதான்: முன்னணி ஓட்டக்காரர்கள் எதிரே திரும்பி வரும்போது நீங்கள் இன்னும் போய்க்கொண்டிருப்பீர்கள். இடப்பக்கத்திலேயே இருங்கள். யாரையாவது முந்த வலப்பக்கம் விலகும் முன் எதிரே ஒருமுறை பாருங்கள், பின்னால் சைக்கிள் வருகிறதா என்றும் பாருங்கள். பூங்கா பொதுவுடைமை, ஓடுகிறவருக்கு முன்னுரிமை எதுவும் கிடையாது.

ஹைபரி ஃபீல்ட்ஸ் சின்ன இடம். ஐந்து சுற்று அடித்தால்தான் ஐந்து கிலோமீட்டர். மேடு லேசானதுதான், ஆனால் ஐந்து தடவை வரும். அதைவிடப் பெரிய தொல்லை எண்ணிக்கை. மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கும்போது இது மூன்றா நான்கா என்ற சந்தேகம் கட்டாயம் வரும். மார்ஷல்கள் யாருடைய சுற்றையும் எண்ணுவதில்லை, அது அவரவர் பொறுப்பு. குறைவாக ஓடி முடிவுச் சந்துக்குள் நுழைந்தவர்கள்தான் பட்டியலில் திடீரென்று 19 நிமிட வீரர்களாகத் தெரிகிறார்கள். கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸை முழுக்க நம்பவும் முடியாது. மரத்தடியிலும் திருப்பங்களிலும் 4.9 என்றும் காட்டும், 5.1 என்றும் காட்டும். பாதையை அளப்பது அளவுச் சக்கரத்தை உருட்டி, செயற்கைக்கோளை வைத்து அல்ல. எளிய வழி, இடது மணிக்கட்டில் நான்கு ரப்பர் பாண்ட் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை தொடக்க இடத்தைக் கடக்கும்போதும் ஒன்றை வலது கைக்கு மாற்றுவது. இடது கை காலியானால் கடைசிச் சுற்று.

பல சுற்றுப் பாதைக்கு நல்ல பக்கமும் உண்டு. மெதுவாக நடக்கிறவர் தனியாக விடப்படுவதில்லை, யாராவது பக்கத்தில் போய்க்கொண்டே இருப்பார்கள். எல்லோருக்கும் பின்னால் ‘டெயில் வாக்கர்’ என்ற தொண்டர் நடந்து வருவார். கடைசி ஆள் எப்போதும் அவர்தான், ஆகவே நீங்கள் கடைசியாக வர வாய்ப்பில்லை.

புதன்: ஹாம்ப்ஸ்டெட் ஹீத்

கோஸ்பெல் ஓக் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பார்லிமெண்ட் ஹில். இரண்டு சுற்று, ஏற்றமும் இறக்கமும்தான், தட்டையான இடமே அரிது. இங்கிலாந்தின் குறுக்குநாட்டோட்டப் போட்டிகள் காலங்காலமாக நடக்கும் மேடு இது.

சேறு எங்கே இருக்கும் என்பதை மண்ணைத் தெரிந்துகொண்டால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மேட்டின் தலையில் மணல், அடியில் லண்டன் களிமண். மழைநீர் மணலில் இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் மேலும் இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் கசிந்து வெளியே வருகிறது. ஊற்றுகளும் குளங்களும் உண்டான கதை இதுவே. ஆகவே உச்சி காய்ந்திருந்தாலும் சரிவின் நடுவிலும் கீழேயும் சொதசொதவென்றுதான் இருக்கும். முதல் சுற்றில் இறக்கத்தில் கால்களை அடக்கி வையுங்கள். இறக்கத்தில் வேகமாகப் போய்த் தொடைகளைத் தீர்த்துவிட்டால் இரண்டாம் சுற்றின் ஏற்றத்தில் நடக்கத்தான் வேண்டும்.

வியாழன்: வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ்

நேற்றைய கோஸ்பெல் ஓக்கிலிருந்தே சஃப்ரஜெட் லைன் ரயில் ஏறினால் லெய்டன்ஸ்டோன் ஹை ரோடு. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கத் தமிழர்களுக்கு இதுவே சொந்தப் பார்க்ரன் மாதிரி. ஆனால் வரைபடத்தைப் பார்த்து மேனர் பார்க் ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள். வெட்டவெளியின் விளிம்பு பக்கத்தில்தான், ஓட்டம் தொடங்குவது மறுகோடியில், ஹாரோ ரோடு உடைமாற்றும் அறைகளின் பக்கம். 8:45-க்கு இறங்கியவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் விசில் ஊதிவிடும்.

புல்லும் மண்பாதையும், மேடே இல்லை. தட்டை என்றதும் வேகம் என்று நினைக்க வேண்டாம். புல் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் விழுங்கும், மரமில்லாத வெளியில் எதிர்க்காற்று மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். காற்றடிக்கும் பகுதியில் உங்களைவிடச் சற்று அகலமானவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வது குற்றமல்ல. வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் இடம் இது. 2021-லிருந்து அவை குஞ்சு பொரிக்கும் பருவத்தில் புல்வெளியின் சில பகுதிகளுக்கு வேலி போடுகிறார்கள். மார்ச் முதல் கோடை முடியும்வரை நாயை அவிழ்த்துவிடாதீர்கள். (பார்க்ரனில் எந்த மாதமானாலும் ஒருவருக்கு ஒரு நாய், கையில் பிடித்த குட்டைக் கயிறு. இடுப்பில் கட்டும் பெல்ட்டுக்கு அனுமதி இல்லை.)

மேனர் பார்க் ஸ்டேஷன் உதவுவது அப்புறம்தான். அங்கே சர்ச் சாலையில் முருகன் கோயில், இன்னும் தள்ளி ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு. காலை 10 மணிக்கு இட்லி வேண்டும் என்றால் எந்தக் கடை எப்போது திறக்கும் என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சனி: டூட்டிங் காமன், கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து

மூன்று சுற்று, தட்டை, பெரும்பாலும் தார். டூட்டிங் பெக் ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். 1906-இல் திறந்த, நூறு கஜ நீள நீச்சல் குளமும் இதே காமனில்தான். பாதையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆகவே இந்த வாரம் தொண்டர் வேலையைப் பற்றி. வார நடுவில் அந்தப் பூங்காவின் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், வெளியூர்க்காரரையும் சேர்த்துக்கொள்வார்கள். தொடக்க ஏற்பாடு, புதியவர் விளக்கம் போன்ற வேலைகளைச் செய்துவிட்டு ஓடவும் செய்யலாம்.

முடிவுக் கோட்டில் நேரம் குறிப்பவர் ஒவ்வொருவரும் கோட்டைத் தாண்டும்போது ஒரு தடவை பொத்தானை அழுத்துகிறார். அவருக்கு யார் என்பது தெரியாது, 1, 2, 3 என்று நேரங்களின் வரிசைதான். ஓடி வந்தவர் கயிறு கட்டிய சந்துக்குள் அதே வரிசையில் நடந்து, முனையில் எண்ணிட்ட டோக்கனை வாங்குகிறார். கடைசியில் ஸ்கேன் செய்பவர் முதலில் ஆளின் பார்கோடையும் அடுத்து டோக்கனையும் போனில் படிக்கிறார். மூன்றும் சேர்ந்தால் பெயர், இடம், நேரம்.

இது எங்கே குலையும் என்று தெரிந்தால் சந்துக்குள் எப்படி நடக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். கோட்டைத் தாண்டியவர் கயிற்றுக்கு அடியில் நுழைந்து வெளியேறினால் நேரம் ஒன்று கூடுதல், டோக்கன் ஒன்று குறைவு. அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் முந்தியவரின் நேரம் விழும். இருவர் கைகோத்து வரும்போது நேரம் குறிப்பவர் ஒரு தடவை மட்டும் அழுத்தினால் இதே பிழை எதிர்த்திசையில். சந்துக்குள்ளே நண்பருக்காக நின்று பின்னால் வந்தவரை முன்னே விட்டால் அவர்கள் இருவரின் நேரம் மட்டும் மாறும். இப்படிப் பிழைகள் வரும் என்பதால்தான் இரண்டு பேர் தனித்தனியாக நேரம் குறிக்கிறார்கள். இன்னொருவர் அவ்வப்போது, ‘இந்த நொடியில் கடந்தவருக்கு டோக்கன் 140’ என்பதுபோல் ஒரு தாளில் எழுதி வைக்கிறார். முடிவுகளைத் தொகுப்பவர் அந்த இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை 120-க்கும் 140-க்கும் நடுவில் என்று பிடித்துவிடலாம்.

ஸ்கேன் செய்கிறவருக்கு ஒரே விதி: ஆள், டோக்கன், அடுத்த ஆள். குடும்பமாக வந்து நான்கு போன்களைச் சேர்த்து நீட்டுவார்கள். நான்கையும் முதலில் படித்துவிட்டு டோக்கன்களுக்குப் போனால் அம்மாவின் நேரம் மகனுக்குப் போய்விடும். குளிரில் விரல் மரத்து டோக்கன் கீழே விழும், ஈரத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். படித்த டோக்கனை உடனே வாங்கி வாளியில் போட்டுவிட வேண்டும், ஓடியவர் கையில் திருப்பித் தரக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் காபிக் கடை மேசையில் வாளியைக் கவிழ்த்து டோக்கன்களை நூறு நூறாகப் பிரித்து வரிசைப்படுத்துவார்கள். இடையில் ஒரு எண் இல்லையென்றால் அது யாருடைய சட்டைப்பையிலோ வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் பையில் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் தபாலில் அனுப்புங்கள், எண்ணையும் மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். முடிவுகள் வழக்கமாக அன்றே மின்னஞ்சலில் வந்துவிடும். உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் நேரம் மாறியிருந்தாலும் டோக்கன் எண்ணையும் கைக்கடிகாரம் காட்டிய நேரத்தையும் சேர்த்து அந்தப் பூங்காவின் குழுவுக்கு எழுதினால் திருத்திக் கொடுப்பார்கள்.